அந்த எண் மெய் சொல்ல வேண்டும்

(அயோத்தியாப்பட்டணத்தில் நடந்த நன்கொடையாளர் கூட்டத்தில் மருத்துவமனை ஆய்வுக்கூட ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்திற்கு வர இயலாத நண்பர்களும் அறியும்படி எழுத்தில் தருகிறோம்.)



மருத்துவமனைக் கூட்டம் என்றால் டாக்டர்கள் பேசுவார்கள், நர்சுகள் பேசுவார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பேசுவது அபூர்வம். ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டுமே வியாதியஸ்தர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் வேலை எல்லாம் கதவுக்கு உள்ளேதான். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டலாம் என்று வந்திருக்கிறோம். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் தேங்கும் நச்சுப்பொருள்களை எப்படி அளக்கிறோம், அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம், அது நம்பத்தக்கதாய் இருக்க என்ன தேவைப்படுகிறது என்பவற்றைச் சொல்லப்போகிறோம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மாசிநாயக்கன்பட்டி, காரிப்பட்டி, மின்னாம்பள்ளி, வாழப்பாடி வரை மரவள்ளியும் பாக்கும் நெல்லும் விளைகிற பூமி. ஊருக்குள் விசைத்தறி ஓடுகிறது; சேலத்துப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வெயிலிலும் உலைச்சூட்டிலும் நின்று உழைக்கிற ஜனங்கள் இவர்கள். உடம்பு வலித்தால் கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் பேசப்போகிற காரியம் எங்கோ இருப்பவர்களைப் பற்றியதல்ல.

வலிக்காத உறுப்பு

பல் கெட்டால் வலிக்கிறது. குடல் கெட்டால் வலிக்கிறது. சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் வேண்டியதையெல்லாம் உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. வடிகட்டிகளில் பாதி அழிந்துபோனாலும் மீதிப் பாதி கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். அதனால்தான் மனிதர் தாம் நன்றாயிருப்பதாகவே நினைக்கிறார். கால் வீங்கி, சோறு பிடிக்காமல், மூச்சு வாங்கி வரும்போது காலம் கடந்திருக்கிறது.

உறுப்பே வாய் திறந்து சொல்லாதபோது அதற்காகச் சாட்சி சொல்ல இரண்டு எளிய பரிசோதனைகள் உண்டு. ஒன்று, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, சிறுநீரகம் வெளியேற்றியிருக்க வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தங்கிவிட்டது என்று அளப்பது. இரண்டாவதைப் பற்றியே அதிகம் சொல்லுகிறோம்.

யூரியாவும் வாளவரை விதையும்

நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, மீன், கறி ஆகியவற்றிலுள்ள புரதம் உடம்பில் பயன்பட்டபின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. 1773இல் பிரான்ஸ் தேசத்து ரூவெல் என்பவர் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1821இல் ப்ரேவோ, துய்மா என்ற இருவர், சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட விலங்குகளின் இரத்தத்தில் யூரியா சேர்வதைக் காட்டினார்கள். சிறுநீரகம் யூரியாவை உண்டாக்குவதில்லை, வெளியேற்றுகிறது என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

அதை அளப்பதற்கு வழி ஒரு அவரை விதையில் கிடைத்தது. நம் வேலிகளில் படரும் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஜாக் பீன் என்ற விதையில் யூரியேஸ் என்னும் நொதி நிறைய இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜேம்ஸ் சம்னர், இளம் வயதில் இடது கையை இழந்தவர். ஒன்பது வருஷம் பாடுபட்டு, 1926இல் அந்த நொதியைப் பளிங்குத் துகள்களாகப் பிரித்தெடுத்தார். நொதியைப் பளிங்காக்க முடியும் என்று உலகத்துக்கு முதன்முதல் காட்டிய அந்த வேலைக்காக 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றும் எங்கள் மேஜையில் இருக்கும் யூரியா ரீஏஜென்ட் புட்டியில் இருப்பது அதே யூரியேஸ்தான். அது உண்டாக்கும் அம்மோனியாவை இன்னொரு வினையின் மூலம் ஒளிமாற்றமாக்கி, அதைக் கருவி படித்து எண்ணாகச் சொல்லுகிறது. பெரியவர்களுக்கு இரத்தம் 100 மில்லிலிட்டரில் 15 முதல் 40 மில்லிகிராம் வரை யூரியா இருப்பது வழக்கம்.

ஆனால் யூரியா ஒரு சபலபுத்தியுள்ள சாட்சி. நிறையக் கறி தின்றாலும் ஏறும். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் ஏறும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும் ஏறும். சரியாகச் சாப்பிடாத ஏழைக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் குறைவாகவே காட்டும். ஆகவே அதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கிரியேட்டினின் என்ற இரண்டாம் சாட்சி

கிரியேட்டினின் என்பது தசைகள் வேலை செய்வதில் உண்டாகும் கழிவு. ஒருவருடைய உடம்பில் அது தினந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகிறபடியால் யூரியாவைவிட நம்பத்தக்கது. 1886இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர், காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகிறது என்று கண்டார். அமெரிக்காவில் ஓட்டோ ஃபோலின் 1904இல் அதை அளவு முறையாக்கினார். நூறு வருஷத்துக்கு மேலாகியும், இந்தியாவின் சிறிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இந்த யாஃபே முறையே இன்னும் நடக்கிறது. காரணம், விலை மலிவு.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. பிக்ரிக் அமிலம் கிரியேட்டினினோடு மட்டும் நிறம் மாறுவதில்லை. சர்க்கரை வியாதி முற்றியவர்களின் இரத்தத்தில் சேரும் கீட்டோன்களோடும், சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடும்கூட நிறம் மாறி, அளவைக் கூட்டிக் காட்டும். மஞ்சள் காமாலை உள்ளவர்களில் பிலிருபின் அதைக் குறைத்துக் காட்டும். முந்தின இரவு கறிச்சோறு சாப்பிட்டு வந்தால் அளவு உண்மையிலேயே சில மணி நேரம் ஏறியிருக்கும். இந்தத் தடைகளில் பலவற்றைத் தாண்டுவதற்காக, கலந்தவுடனே தோன்றும் நிறத்தையும் வெகுநேரம் கழித்துத் தோன்றும் நிறத்தையும் விட்டுவிட்டு, இடையிலுள்ள சில நொடிகளில் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மட்டும் அளக்கிறோம். நொதிகளைக் கொண்டு கிரியேட்டினினை அளக்கும் புதிய முறை இதைவிடச் சுத்தமானது. ஆனால் ரீஏஜென்ட் விலை கூடுதல்.

0.2 என்ற சின்ன வித்தியாசம்

"கொஞ்சம் கூடக் குறையக் காட்டினால் என்ன கெட்டுப்போயிற்று?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு உதாரணம் சொல்லுகிறோம்.

கிரியேட்டினின் அளவோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் ஒரு சூத்திரம் உண்டு. 2021இல் திருத்தப்பட்டது இப்போது வழக்கத்தில் இருக்கிறது. 25 வயது வாலிபன் ஒருவனுக்கும் 65 வயது அம்மா ஒருவருக்கும் கிரியேட்டினின் 1.2 மில்லிகிராம் என்றே அறிக்கை வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தின்படி வாலிபனுக்கு வடிகட்டும் வேகம் சுமார் 86. அம்மாவுக்கோ சுமார் 50. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக வியாதி என்று பொருள். ஒரே எண், இரண்டு தீர்ப்பு.

இன்னும் கவனியுங்கள். அந்த அம்மாவின் உண்மையான அளவு 1.0 ஆக இருந்தால் அவருடைய வேகம் சுமார் 62. வியாதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். கருவியோ ரீஏஜென்டோ 0.2 கூட்டிச் சொன்னால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். வீட்டில் அழுகை. சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அலைச்சல். வட்டிக்குக் கடன். மாறாக, 1.2 இருப்பவருக்கு 1.0 என்று குறைத்துச் சொன்னால் அவர் நிம்மதியாய் வீட்டுக்குப் போய், வலி மாத்திரையை முன்போலவே தின்பார். முதலாவது பிழை பணத்தையும் சமாதானத்தையும் கெடுக்கும். இரண்டாவது பிழை சிறுநீரகத்தையே கெடுக்கும். 0.2 மில்லிகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதில் ஒரு குடும்பம் ஏறி இறங்குகிறது.

இந்தச் சூத்திரத்திலும் ஒரு குறை உண்டு. அது மேல்நாட்டு ஜனங்களை அளந்து உண்டாக்கப்பட்டது. நம் பக்கத்தில் தசை மெலிந்தவர்களும் கறி அதிகம் சாப்பிடாதவர்களும் மிகுதி. அவர்களுக்குக் கிரியேட்டினின் குறைவாகவே உண்டாகிறபடியால், சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாயிருப்பதுபோல் கணக்கு காட்டக்கூடும். ஆகவே எண்ணோடு ஆளையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லுவது சரியே. தசையைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது. அது இன்னும் எளியவர்களுக்கு எட்டும் விலையில் இல்லை.

எங்களைச் சோதிக்கிறவர் யார்?

அப்படியானால் எங்கள் எண் மெய்தானா என்று எங்களுக்கே எப்படித் தெரியும்? இரண்டு காவல்கள் உண்டு.

முதலாவது, தினமும் காலையில் வியாதியஸ்தரின் இரத்தத்தைத் தொடுமுன் கன்ட்ரோல் சீரத்தை ஓட்டிப் பார்ப்பது. அதில் இன்ன பொருள் இன்ன அளவு இருக்கவேண்டும் என்று முன்னமே நிர்ணயம் செய்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த அளவை ஒரு வரைபடத் தாளில் புள்ளியாக வைப்போம். லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் ஆய்வுக்கூடங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. புள்ளிகள் நடுக்கோட்டைச் சுற்றி இரு பக்கமும் விழுந்தால் நல்லது. எல்லாம் ஒரே பக்கமாய் ஏறிக்கொண்டே போனால் ஏதோ நழுவுகிறது: விளக்கு மங்கியிருக்கலாம், ரீஏஜென்ட் வெயிலில் கெட்டிருக்கலாம், மின்சாரம் போய் வந்ததில் சூடு 37 டிகிரியில் நில்லாமல் போயிருக்கலாம். காரணத்தைக் கண்டு சரிசெய்யும் வரை எந்த அறிக்கையும் வெளியே போகக்கூடாது. வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைத் தாங்குவதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு.

இரண்டாவது காவல் வெளியிலிருந்து வருவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில், இந்தியாவிலேயே முதலாவதாக டயாலிசிஸ் செய்யத் துணிந்த இடங்களில் ஒன்று. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்த இடம். இவை எல்லாரும் அறிந்தவை. பலர் அறியாத ஒரு தொண்டும் அங்கே நடக்கிறது. அங்குள்ள மருத்துவ உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து, நாடெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களின் தரத்தைப் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறது.

முறை எளிமையானது. திட்டத்தில் சேர்ந்த எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரே மாதிரியான சீரப் புட்டிகள் வருகின்றன. உள்ளே யூரியா எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லுவதில்லை. வியாதியஸ்தரின் இரத்தத்தைப் போலவே அதை அளந்து, கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பவேண்டும். அதே முறையில் அளந்த மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டு, நாங்கள் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று மாதந்தோறும் தாள் வரும். நகரத்துப் பெரிய கூடத்துக்கும் கிராமத்துச் சிறிய கூடத்துக்கும் ஒரே கேள்வித்தாள். பிள்ளைகள் பரீட்சை முடிவைத் திறப்பதுபோல நாங்கள் அதைத் திறக்கிறோம். எந்த வியாதியஸ்தரும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர் கையில் வாங்கும் அறிக்கையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

அளக்க அரிதான நச்சுகள்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். யூரியாவும் கிரியேட்டினினும் சாட்சிகளே தவிர முக்கியக் குற்றவாளிகள் அல்ல. சிறுநீரகம் நின்றுபோனவரை வாட்டுகிற நச்சுகள் வேறு பல. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் குழு ஒன்று 2003இல் அப்படிப்பட்ட 90 பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நீரில் கரையும் சிறிய பொருள்கள் ஒரு வகை. யூரியா இதில் சேரும். அளவில் பெரிய நடுத்தர மூலக்கூறுகள் ஒரு வகை. இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்பவை மூன்றாம் வகை.

மூன்றாம் வகையில் இன்டாக்ஸில் சல்ஃபேட் என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாம் சாப்பிடும் புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற சத்தைப் பெருங்குடலிலுள்ள கிருமிகள் இன்டோல் ஆக்குகின்றன. ஈரல் அதை இன்டாக்ஸில் சல்ஃபேட் ஆக மாற்றுகிறது. நல்ல சிறுநீரகம் அதைத் தினமும் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவரில் அது ஆரோக்கியமானவரைவிடப் பல பத்து மடங்கு சேர்ந்து, இரத்தக் குழாய்களுக்குக் கேடு செய்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் அல்புமினோடு ஒட்டியே இருக்கும்.

ஒட்டியிருப்பதை எப்படி அளப்பது? சீரத்தில் மெத்தனால் போன்ற கரைப்பானை ஊற்றினால் புரதம் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல. பிடி விட்டுப்போன நச்சு கரைசலில் நிற்கும். சென்ட்ரிஃபியூஜில் வேகமாய்ச் சுழற்றித் திரிந்ததை அடியில் படியவைத்து, மேலே நிற்கும் தெளிவை எடுத்து, மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். குழாய்க்குள் மாவைவிட நுண்ணிய துகள்கள் நெருக்கமாய் அடைத்திருக்கும். சில பொருள்கள் துகள்களில் தங்கித் தங்கி மெதுவாய் வரும். சில நில்லாமல் ஓடி முந்தி வரும். திருவிழாக் கூட்டத்தில் கடை கடையாய் நிற்கிறவர் பிந்தியும், நேரே நடக்கிறவர் முந்தியும் வெளியே வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்தில் குழாயின் மறுமுனைக்கு வந்து சேரும். இன்டாக்ஸில் சல்ஃபேட்டின்மேல் தகுந்த ஒளி பட்டால் அது தானும் ஒளிவிடும். அந்த ஒளியை அளந்தால் நச்சின் அளவு தெரியும். இதற்கு உயரழுத்தத் திரவ நிறப்பிரிகை என்று பெயர், எச்.பி.எல்.சி. என்பார்கள். மூலக்கூறுகளின் நிறையையே நிறுத்துப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இதோடு இணைத்தால் இன்னும் நுட்பமாய், பல நச்சுகளை ஒரே தடவையில் அளக்கலாம்.

"அப்படியானால் நம் மருத்துவமனைக்கும் அந்த மெஷினை வாங்கலாமே" என்று உங்களில் சிலர் மனமுவந்து கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே எங்கள் பதில். அது இன்று ஆராய்ச்சிக்கூடத்தின் கருவி. அந்த அளவைக் கொண்டு வைத்தியத்தை இப்படி மாற்றவேண்டும் என்ற உறுதியான வழிமுறை இன்னும் ஏற்படவில்லை. குடலிலேயே இந்த நச்சின் மூலப்பொருளை உறிஞ்சிக்கொள்ளும் கரி மருந்து ஒன்று ஜப்பானில் 1991 முதல் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பல நாடுகளில் நடந்து 2015இல் வெளியான பெரிய சோதனையில், அது வியாதி முற்றுவதைத் தடுத்ததாகத் தெளிவாகவில்லை. ஒன்றை அளக்க முடிவதாலேயே அதைக் குணமாக்க முடியும் என்று ஆகிவிடாது. இதை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரத்தச் சுத்தி, நச்சு முறிவு என்ற பெயரில் சந்தைகளில் புட்டி விற்கிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் அதை நம்பி, இருக்கும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இரத்தத்தைச் சுத்திசெய்கிறது சிறுநீரகம். அது இயலாமற்போனால் டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

டயாலிசிஸ் போதுமா என்று சொல்லும் எண்

டயாலிசிஸ் என்பது செயற்கைச் சவ்வின் வழியாய் இரத்தத்தைக் கழுவுவது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1943இல், நெதர்லாந்திலே வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இதற்கான இயந்திரத்தை உண்டாக்கினார். இன்று சேலத்திலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் அரசு காப்பீட்டின் உதவியால் ஏழைகளும் டயாலிசிஸ் பெறுகிறார்கள் என்பது நன்றிக்குரிய காரியம்.

கழுவினது போதுமா என்று பார்ப்பதற்கும் எங்கள் ஆய்வுக்கூடமே வேண்டும். தொடங்குமுன் யூரியாவை அளக்கிறோம், முடிந்ததும் அளக்கிறோம். 150 இருந்தது 50 ஆனால் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று, நல்லது. நூற்றுக்கு 65 பங்காவது குறையவேண்டும் என்பது விதி. இரண்டாவது இரத்தத்தை எடுக்குமுன் பம்பின் வேகத்தைக் குறைத்துச் சற்றுப் பொறுக்கவேண்டும். அவசரப்பட்டால், அப்போதுதான் கழுவி வந்த இரத்தமே ஊசியில் கலந்துவிடும். யூரியா மிகக் குறைந்ததுபோல் காட்டும். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், கட்டிலில் இருப்பவரைத் தவிர. அவருடைய அரிப்பும் சோர்வும் தீராது. புரதத்தோடு ஒட்டிய நச்சுகளோ சாதாரண டயாலிசிஸில் மூன்றில் ஒரு பங்கு அளவே குறைகின்றன. யூரியா நன்றாயிருந்தும் இவர் ஏன் நன்றாயில்லை என்ற கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கிறது.

இரண்டாம் தடவை அளப்பது

இனி நம் ஊர்களுக்குத் திரும்பிவருவோம். 2023 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் தமிழ்நாட்டின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். முதல் தடவையில் நூற்றில் 17 பேருக்குச் சிறுநீரகக் கோளாறின் அடையாளம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது, நாள்பட்ட வியாதி என்று உறுதியானது நூற்றில் 10 பேருக்குச் சற்றுக் குறைவாக. அவர்களிலும் பாதிக்குமேல், அதாவது மொத்தத்தில் நூற்றுக்கு 5 பேருக்கு, சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ வேறு தெரிந்த காரணமோ இல்லை. வெயிலில் நீண்ட நேரம் உழைப்பது ஒரு காரணமாயிருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து காணப்படுவதும் இப்படிக் காரணம் தெரியாத வியாதியே.

இந்த எண்களில் எங்களைத் தொட்டது ஒன்று. முதல் தடவை பிடிபட்ட 17 பேரில் 7 பேருக்கு நாள்பட்ட வியாதி உறுதியாகவில்லை. முதல் அறிக்கையோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் வீணாய்ப் பயந்திருப்பார்கள். இரண்டாம் தடவை அளக்காமல் விட்டிருந்தால் மற்ற 10 பேரும் உறுதியான பதிலின்றி வயலுக்குத் திரும்பியிருப்பார்கள். ஆனால் ஒரு கூலிக்காரர் இரண்டாம் தடவை வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு, பரிசோதனைச் செலவு. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நின்றுவிடுகிறார்கள். வலிக்காத உறுப்புக்காக யார் இரண்டு நாள் கூலியை விடுவார்?

நாங்கள் கேட்பது

ஆகவே நண்பர்களே, உங்கள் முன் சில வார்த்தைகள். கருவி கொடுப்பவர்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம். கருவிக்குப் பெயர்ப்பலகை உண்டு. வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம். கன்ட்ரோல் சீரத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. திறந்தபின் சில நாட்களில் தீர்ந்துபோகும். வேலூரிலிருந்து வரும் பரீட்சைப் புட்டிக்கு வருஷந்தோறும் கட்டணம் கட்டவேண்டும். நொதிமுறை ரீஏஜென்ட் மாதந்தோறும் வாங்கவேண்டும். குளிர்ப்பெட்டிக்கும் மின்கலத்துக்கும் செலவு உண்டு. யாரும் வந்து பார்க்கமுடியாத இந்தச் செலவுகளே எண்ணை மெய்யாக்குகின்றன. இவை இல்லாமற்போனால் விலையுயர்ந்த கருவியும் அழகாய்ப் பொய்யை அச்சடிக்கும்.

இன்னொரு விண்ணப்பம். இரண்டாம் தடவை வரவேண்டிய ஏழைக்குப் பரிசோதனையை இலவசமாக்கி, பஸ் செலவையும் கொடுக்க ஒரு சிறு நிதி வேண்டும். தொகை பெரிதல்ல. ஆனால் மாதந்தோறும் தவறாமல் வரவேண்டும்.

பணம் கொடுக்க இயலாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. உங்கள் வயலில், தறியில், பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் இடைஓய்வும் கொடுங்கள். வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவரைத் தடுத்துக் கேளுங்கள். சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துக்கொள்ளட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தாலும் சரியே. எங்கள் அறிக்கையை வாங்கும்போது, "இந்த அளவு சரிபார்க்கப்பட்டதா?" என்று கேளுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம். எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிறுநீரகம் பேசுவதில்லை. அதன் சார்பில் பேசும்படி ஒரு துளி சீரத்தை எங்கள் கையில் கொடுக்கிறீர்கள். அது கூட்டாமலும் குறைக்காமலும் பேசவேண்டும்.